கங்கைகொண்ட சோழபுரத்தைத் தட்டச்சிடல்: விசைப்பலகையும் எழுத்திலக்கணக் கற்பித்தலும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரைச் சொற்செயலியில் உள்ளிடும் முறை, தமிழ் வகுப்பறைக்குள் கணினி நுழைந்த வரலாற்றின் முரண் ஒன்றைக் காட்டுகிறது. ஆர். முத்தையா வடிவமைத்த தட்டச்சுப்பொறியின் வழிவந்த முறையிலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டல்கள். அது கண் காணும் வரிசை. ஒலி பிறக்கும் வரிசையன்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையிலோ, ககரத்தைத் தொடர்ந்து ஒகரத்தைத் தட்டினால் 'கொ' அமையும். உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறுவது இங்கு விரலின் பழக்கமாகிறது. (விசையில் இருப்பது அகரமேறிய ககரமே, தனிமெய் அன்று, இதனை ஆசிரியர் விளக்கியாக வேண்டும்.) 'ங்க', 'ண்ட' ஆகியவற்றில் புள்ளியைத் தட்டவும் வேண்டா, இனவல்லெழுத்து தொடர்ந்ததும் அது தானே அமையும். மெய்ம்மயக்கம் கற்பிக்க இதனினும் எளிய கருவியை நான் அறியேன்.

2010இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. 2011இல் விலையில்லா மடிக்கணினிகள் வந்தன. பாமினி வழக்கோ ஆய்வேட்டுத் தட்டச்சில் நீடித்தது. அவ்வகைக் கோப்பு, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இலத்தீன் எழுத்துக் குவியலாகத் திறக்கும். சொல்லடைவை அகரவரிசைப்படுத்தினால் 'பெரம்பலூர்' பகரத்தில் நில்லாது. கொம்பின் குறியெண்ணுக்குரிய இடத்தில் நிற்கும். என் முதுகலை ஆய்வேட்டின் சொல்லடைவை இக்காரணத்தால் கையாலேயே மீண்டும் அடுக்க நேர்ந்தது.