யார் மகன் என்று கேட்கும் மன்றம்

சிறுசேரி என்னும் சிற்றூரின் பெயர் இன்று சீமை வரையில் தெரியும். பழைய மாமல்லபுரச் சாலையோரத்தில் ஏரியும் கழனியுமாகக் கிடந்த ஊர் அது. அங்கே சிப்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. காலை நேரத்தில் சென்னையிலிருந்து பேருந்துகள் அணிவகுத்து வருகின்றன. கண்டு மகிழாதவர் யார்? பொறியும் கணினியும் பெருகப் பெருகப் பழைமை பொடிபடும் என்று நம்புவோரல்லவா நாம்!

ஆயினும் தோழர்களே, ஒரு கேள்வி எழுகிறது. அந்த வாயிலில் கழுத்தில் அட்டை அணிந்து நுழைவோர் யார்? கையில் துடைப்பம் ஏந்தி நுழைவோர் யார்? இன்னார்க்கு இன்ன வாயில் என்று வகுத்தது எது? திறமை என்று விடை கூறுவர். திறமை வானிலிருந்து விழும் மழைத்துளியன்று, பயிற்சியால் விளைவது. பயிற்சியை யாருக்கு அளிப்பது, யாருக்கு மறுப்பது என்பதை யாரோ ஒருவர், ஏதோ ஒரு மன்றத்தில் அமர்ந்து முடிவு செய்கிறார். அந்த மன்றங்களின் கதை செங்கற்பட்டு மண்ணிலேயே நெடுங்காலமாக நடந்து வருகிறது.

முன்னாளில் மன்றமே தேவைப்படவில்லை. தொட்டிலே போதுமானதாயிருந்தது. தச்சன் மகன் தச்சன், வண்ணான் மகன் வண்ணான், பறையன் மகன் பண்ணையாள். வருணாசிரமம் என்ற பெயரால் மனு வகுத்த இந்த ஏற்பாட்டில் விண்ணப்பம் இல்லை, தேர்வு இல்லை, மேல்முறையீடும் இல்லை. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியபோதுதான், கைத்தொழிலை அப்பனிடமன்றி ஆசிரியனிடமும் கற்கலாம் என்ற எண்ணம் இந்த மாகாணத்தில் கால் ஊன்றியது.

செங்கற்பட்டு நகரில் அடுத்து நடந்தது வேடிக்கை, ஆனால் நகைக்க முடியாத வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குற்றம் புரிந்த சிறுவர்க்கெனச் சீர்திருத்தப் பள்ளியொன்றை அரசினர் அங்கே நிறுவினர். திருந்தி வாழ வழி வேண்டுமே என்று அச்சிறுவர்க்குக் கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. திருடிப் பிடிபட்ட சிறுவனுக்குத் தொழில் கற்பிக்க அரசு இருந்தது. திருடாத சேரிச் சிறுவனுக்கோ, மாடு மேய்க்கும் பயிற்சி மட்டும், அதுவும் மிராசுதாரரின் பிரம்படியோடு!

அதே காலத்தில்தான் ஸ்தல ஸ்தாபனங்கள் என்று அந்நாளில் வழங்கிய உள்ளாட்சி மன்றங்களும் முளைத்தன. 1884-ஆம் ஆண்டின் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று அடுக்கடுக்காக அமைத்து, சாலையையும் மருத்துவமனையையும் பள்ளியையும் அவற்றின் பொறுப்பில் விட்டது. மன்றம் அமைந்தது சரி, அதில் அமர்ந்தோர் யார்? கலெக்டர் தலைவர், சுற்றிலும் நிலமுடையோர், வரி கட்டுவோர், வழக்குரைஞர். பண்ணையாளின் மகன் வேறு தொழில் கற்றுவிட்டால் நாற்று நடுவதற்கு ஆள் எங்கே என்று கவலைப்பட வேண்டிய நிலையில் இருந்தவர்களிடமே பண்ணையாள் மகனின் கல்வி ஒப்படைக்கப்பட்டது. பாலுக்குப் பூனை காவல்!

நாம் கற்பனையாகக் கூறுவதன்று இது. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹியர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை ஒன்று எழுதினார். குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது. எதிர்த்து ஒரு சொல் கூறினால் குடிசை போய்விடும். தரிசு நிலத்தை விண்ணப்பித்துப் பெறலாமென்றாலோ, அதிலும் மிராசுதாரர்க்கே முதலுரிமை. இவற்றையெல்லாம் அந்த அயலவர் எடுத்துக் காட்டினார். நிலமும் மனையும் கல்வியும் தரவேண்டும் என்றார். 1892-இல் நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை வந்தது. இவற்றை ஈன்றது ஜில்லா போர்டு அன்று. அதன் தலைவராயிருந்த ஒரு மனிதர், மன்றத்துக்கு வெளியே தனியே எழுதிய தாளிலிருந்து பிறந்தவை இவை. 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் நல இலாகா தனியே பிறந்து, சேரிகளில் தனிப்பள்ளிகளைத் திறக்க வேண்டி வந்ததும் இக்காரணம் பற்றியே. பொதுப்பள்ளி பொதுவாக இருந்திருந்தால் தனிப்பள்ளிக்குத் தேவை ஏது?

அப்படியானால் உள்ளாட்சி மன்றம் என்றாலே ஆதிக்கக் கூடாரம்தானா? அவசரப்பட்டு ஆம் என்று கூறிவிட வேண்டாம்.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது இதே செங்கற்பட்டில். சாதிப் பட்டங்களைத் துறப்பது பற்றிய தீர்மானத்தை இன்றும் பலர் எடுத்துரைக்கின்றனர். அதே மாநாட்டில், ஆண்களைப் போலவே எத்தொழிலையும் நடத்தப் பெண்களுக்குச் சம உரிமையும் வாய்ப்பும் வேண்டும் என்றும், தொடக்கப் பள்ளி ஆசிரியப் பணிக்குப் பெண்களையே அமர்த்த வேண்டும் என்றும் தீர்மானித்ததை ஏனோ அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுக்கும் தீர்மானமல்லவா அது! தொடக்கப் பள்ளி ஆசிரியனாகிய நான், என் இருக்கையில் ஒரு தோழியர் அமர்ந்திருக்க வேண்டும் என்று கூறும் அத்தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கோபம் கொள்ளவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர் அவர். பேருந்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஊரை விட்டு வெளியேற வண்டி கிடைக்காதவன் தொழிற்பள்ளிக்கு எப்படிப் போவான், ஆலைக்கு எப்படிப் போவான்? செங்கற்பட்டில் மிராசுதாரர் பக்கம் சாய்ந்த அதே நாற்காலி, இராமநாதபுரத்தில் சேரியின் பக்கம் திரும்பியது. நாற்காலிக்குச் சாதி இல்லை. அமர்ந்தவர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதே வேறுபாடு.

கேள்வி மீண்டும் தலைகீழானது 1953-இல். ஆச்சாரியார் முதலமைச்சராயிருந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும், எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார். தொழிற்பயிற்சி என்று அழகிய பெயர் சூட்டப்பட்ட குலக்கல்வி! தந்தை பெரியார் பொங்கி எழுந்தார். திராவிட முன்னேற்றக் கழகம் அவ்வாண்டு ஜூலையில் தொடுத்த மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் விலகிக் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. இவ்வளவும் நம் தோழர்கள் அறிந்ததே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கைத்தொழிலை இழிவென்று கருதி நாம் எதிர்த்தோமா? இல்லை. செருப்புத் தைக்கக் கற்பது இழிவன்று. தைத்தவன் மகன் என்பதற்காக அதைத்தான் கற்க வேண்டும் என்பதே இழிவு.

நாம் வேண்டிய தொழிற்கல்வி வேறு வழியில் வந்துகொண்டுதான் இருந்தது. 1950-இல் தொழிற்பயிற்சி நிலையத் திட்டம் தொடங்கியது. 1956-இல் அதற்கென அனைத்திந்திய மன்றம் அமைந்தது. 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பம் கற்பிக்கும் அரசு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது கல்லூரி. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் வீட்டுக்குள் இருந்த உளியும் அளவுநூலும் அரசுக் கல்லூரியின் பாடமாகி, விண்ணப்பிக்கும் எவரும் தொடக்கூடியவை ஆயின. பல்லவன் காலத்துப் பாறைகளைக் காண வருவோர் அந்தக் கல்லூரியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1973-இல் அதில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கும் பிரிவு சேர்ந்தது. பழைய ஜில்லா போர்டுகள் 1958-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. 1992-இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்கவை என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. பதினெட்டாவதாக நிற்பது தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும்.

எழுத்தில் நின்றது, நடைமுறையில் கலெக்டர் தலைமையில் மாவட்டத் திறன் குழு என்று ஒன்று அமைந்தது. 1884-இன் நாற்காலிக்கே கதை திரும்பிவிட்டது போலும்!

பிறகு வந்தது 2023 செப்டம்பர் 17. ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் 13,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடங்கப்பட்டது. தச்சர், கொல்லர், குயவர், சிற்பி, முடிதிருத்துவோர், துணி வெளுப்போர், மீன்வலை பின்னுவோர் என்று 18 தொழில்கள். பயிற்சி உண்டு, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை உண்டு, கருவிக்கு 15,000 ரூபாய் உண்டு, கடனும் உண்டு. 18 வயது நிரம்பியவர் சேரலாம்; ஆனால் தொழில் குடும்பவழித் தொழிலாக இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது ஊராட்சி. அதன்பின் மாவட்டக் குழு. அதாவது, 'இவன் இன்னான் மகன், இன்ன தொழில் குடும்பத்தான்' என்று சான்று கூறும் வேலை ஊராட்சித் தலைவர்க்கு வந்து சேர்ந்தது. ஆச்சாரியார் பள்ளியின் அரை நாளைக் கேட்டார். இவர்கள் பள்ளி முடித்த பதினெட்டு வயதையே கேட்டனர்.

தமிழ்நாடு அரசு இதை ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற கட்டுப்பாட்டை நீக்குக, குறைந்த வயதை 35 ஆக்குக, ஊராட்சித் தலைவர்க்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கட்டும் என்று கேட்டது. ஒன்றிய அரசு இணங்காமற் போகவே, திட்டத்தைச் செயற்படுத்த இயலாதென 2024 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மடல் எழுதினார். 2025 ஏப்ரல் 19-இல் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், 35 வயது கடந்த எவரும் விண்ணப்பிக்கலாம், சாதியும் கேட்பதில்லை, அப்பன் தொழிலும் கேட்பதில்லை.

முதல் இரண்டு கோரிக்கைகளும் நூற்றுக்கு நூறு சரி. மூன்றாவதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி தவறாயிருந்தால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். கேட்பவரை ஏன் மாற்றுவது? ஊராட்சித் தலைவர் சாதி பார்ப்பார், அலுவலர் பார்க்கமாட்டார் என்பதற்கு உறுதி என்ன? 1884-இன் போர்டில் சேரிக்கு இடமில்லை. இன்றைய ஊராட்சிகளிலோ தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கீடு உண்டு. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தமிழ்நாட்டில் சரிபாதி இடம் பெண்களுக்கு. நூறாண்டுப் போராட்டத்தின் பயனாக அந்த நாற்காலியை நம்மவர் எட்டிப் பிடிக்கும் வேளையில், நாற்காலியின் அதிகாரத்தை எழுத்தர் மேசைக்கு மாற்றுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் இழப்பு.

அமெரிக்க நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்த் தொழிற்பயிற்சி வாரியங்கள் நடைபெறுகின்றன. உறுப்பினரை அமர்த்துவோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்த் தலைவர்களே. பெரும்பான்மையர் தொழில் நடத்துவோர்; ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தொழிலாளர் தரப்பினர். எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டியிருக்கிறது, யார் வேலையின்றித் தவிக்கிறார், வரிப்பணத்தில் நடந்த பயிற்சியால் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்று கணக்குப் பார்ப்பது வாரியத்தின் கடமை. கூட்டம் மக்கள் முன்னிலையில் நடைபெற வேண்டும். பொதுவாக வாரியமே பயிற்சி நடத்துவதற்கும் தடை உண்டு. கணக்குக் கேட்பவனே கணக்குக் காட்டுபவனாக இருத்தல் ஆகாதல்லவா! முதலாளிகளுக்குப் பெரும்பான்மை தந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என்று நான் கூறவில்லை. தொழிலாளிக்கு மன்றத்தில் இடம், கணக்கு மக்கள் பார்வையில் என்ற இரண்டை மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

இனிச் சிறுசேரிக்கு வருவோம். 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் தொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி தரவேண்டும் என்று பழகுநர் சட்ட விதிகள் கூறுகின்றன. அந்தக் கண்ணாடி மாளிகைகளில் எவ்வளவு பழகுநர் இடங்கள்? அவற்றில் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்தும், மீனவர் குப்பங்களிலிருந்தும் சேர்ந்தோர் எத்தனை பேர்? பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன கற்க விரும்புகின்றனர்? இதற்கென ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். அதில் தந்தையின் தொழிலை எழுதுவதற்குக் கட்டம் இருத்தல் கூடாது. விரும்பும் தொழிலுக்குக் கட்டம் வேண்டும்.

மே முதல் நாள், தொழிலாளர் நாளன்று, தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவது வழக்கம். பழைய மாமல்லபுரச் சாலையோரத்து ஊர்களின் தோழர்களும் தோழியரும் இவ்வினாக்களைத் தீர்மானமாக எழுதிக் கொண்டு அன்று சென்று அமரவேண்டும். வாயால் கேட்டு வந்துவிட்டால் போதாது. தீர்மானம் கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்து, அதன் படியையும் கேட்டு வாங்கி வரவேண்டும்.