சுயமரியாதைத் திருமணச் சட்டமும் தன்பாலினத் திருமண விவாதமும்

அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய இந்துத் திருமணத் திருத்தச் சட்டம், புரோகிதரும் சடங்கும் இன்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கனவாக்கியது. முன்னர் நடந்தவையும் ஏற்புப் பெற்றன. இந்துக்கள் இருவர் எனப் பொதுவாகச் சுட்டும் அச்சட்டம், உறுதிமொழியில் கணவன், மனைவி என்றே வரையறுக்கிறது. தன்பாலினத் திருமண விவாதத்தின் மையம் இவ்வரையறையே.

2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 17.10.2023 அன்று உச்சநீதிமன்றம், தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பளிப்பதை நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்கும் விட்டது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றது. அவ்வாறு அமையும் குடும்பத்தில் ஒருவர் உயில் எழுதாது இறப்பின், மற்றவருக்கு வாழ்க்கைத்துணை என்னும் வாரிசுரிமை இல்லை. சமூகத்தில் முன்பே வழங்கிய மணமுறைக்குச் சட்டம் பின்னர் ஏற்பளித்த 1967ஆம் ஆண்டு நிகழ்வு, இவ்விவாதத்திற்குரிய தமிழக முன்னுதாரணம் எனலாம்.