கையொப்பம் இட்டவர்க்கு என்ன கைம்மாறு?



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் தாசேக் கெலுகோரிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். கடாரத்தைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்றை இரு நண்பர்களோடு உருவாக்கி வருகிறார். பூஜாங் பள்ளத்தாக்கு இத்துணை அருகில் இருந்தும் நம் பிள்ளைகள் அதனை அறியவில்லையே என்பது அவருடைய கவலை. முதலீடு செய்வார் எவரும் இல்லாமையால், பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட எண்ணியுள்ளார். "ஐயா, பணம் தருபவர்களுக்கு நாங்கள் எதைத் தருவது? சட்டையா, சாவிக்கொத்தா, சுவரொட்டியா?" என்று கேட்டார். வினா புதியது, விடையோ பழைய வரலாற்றில் இருக்கிறது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். காகிதத்திற்கும் அச்சுக்கூலிக்கும் ஆசிரியர் சம்பளம் எம்மாத்திரம்? ஆகவே, நூல் வெளிவருமுன்பே அன்பர்களிடம் 'கையொப்பம்' பெற்றார். முன்கூட்டியே நூலுக்குப் பெயர் பதிந்து ஆதரவு தருவதை அக்காலத்தில் அவ்வாறு அழைத்தனர். கையொப்பமிட்டவர் எதிர்பார்த்த கைம்மாறு அந்த நூலேயாகும்.

அமெரிக்காவில் 1885-இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. ஒரு டாலர் தந்தவர்க்கு ஆறங்குலச் சிறு சிலையும், ஐந்து டாலர் தந்தவர்க்குப் பன்னிரண்டு அங்குலச் சிலையும் தருவதாகச் சிலைக்குழு அறிவித்தது. ஜோசப் புலிட்சரோ, எவ்வளவு சிறிய தொகை தந்தவராயினும் அவர் பெயரைத் தம் 'வேர்ல்ட்' நாளிதழில் அச்சிட்டார். சில மாதங்களில் ஓர் இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தந்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்த எளியவர்கள்.

நம் நாட்டு வரலாறு இன்னும் ஒரு படி மேலானது. 1950களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நம் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அங்கே பணம் தந்தவர் பெற்றது அன்பளிப்பன்று, உரிமையுள்ள பங்கு.

விளையாட்டுத் துறைக்கு வருவோம். 2012-இல் அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் வழியாக நான்கு இலட்சம் டாலர் கேட்டது. எண்பத்தேழாயிரம் பேர் முப்பத்து மூன்று இலட்சத்துக்கும் மேல் தந்தனர். பதினைந்து டாலர் தந்தவர்க்கு விளையாட்டு கிடைக்கும். அது உருவாகும் கதையும் ஆவணப்படமாகக் காட்டப்பட்டது. ஆயினும், அந்த விளையாட்டின் முதற்பாதி 2014-இலும் மறுபாதி 2015-இலும்தான் வெளிவந்தன. பெரும்பணமும் காலத்தாழ்வைத் தடுக்கவில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நூல்நிலையத்திற்காக நிதி திரட்டியபோது, நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் படம் பொறித்த கோப்பை தருவதாக நானே முன்மொழிந்தேன். கோப்பைக்கும் அஞ்சலுக்கும் போக, புத்தகத்திற்கு மிஞ்சியது பாதிகூட இல்லை. வழியில் உடைந்த கோப்பைகளுக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதினேன்.

ஆகவே அந்த மாணவரிடம் நான் கூறியவை இவை. முதற்கைம்மாறு விளையாட்டாகவே இருக்கட்டும். அடுத்தது பெயர். தானும் தன் தமக்கையும் தேவியரும் மட்டுமன்றிப் பிறர் கொடுத்தவற்றையும் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டுமாறு இராசராசன் பணித்தான் அல்லவா? விளையாட்டில் வரும் கோயிற்சுவரிலும் உதவியோர் பெயர்கள் கல்வெட்டாகப் பொறிக்கப்படட்டும். ஐந்து ரிங்கிட் தந்த சிறுவனின் பெயரும் அங்கே இருக்கட்டும். மூன்றாவது, மாதந்தோறும் உண்மை நிலையை, தாமதம் உட்பட, எழுதி அனுப்புதல். பொருள்களைத் தருவதாயின், செய்கூலியையும் அஞ்சற் செலவையும் முதலில் கணக்கிட வேண்டும். பங்கு தருவதாக மட்டும் வாய்தவறியும் சொல்லலாகாது; அதற்குப் பங்குப் பத்திர ஆணையத்தின் விதிகள் தனியே உண்டு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய முயற்சிக்குப் பணம் கேட்டால், இது கடையில் பொருள் வாங்குவதன்று என்பதை முதலில் விளக்குங்கள். விளையாட்டு வராமலும் போகலாம். அதை அறிந்தே தருவதுதான் கையொப்பம்.

மாணவர் சாவிக்கொத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். என் பெயரை முதற்கல்லில் பொறிப்பதாகச் சொன்னார். கடைசிக் கல்லே போதும் என்றேன்.