விருந்து இயக்கம் (பிரான்ஸ், 1847–48)

மன்னர் லூயி பிலிப்பின் ஆட்சியில், வாக்குரிமையை விரிவாக்கக் கோரி எதிர்க்கட்சியினர் ஊர் ஊராக விருந்து நடத்திப் போராடிய இயக்கம். ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுவோருக்குத்தான் அன்று பொதுவாக வாக்கு உண்டு. சுமார் மூன்றரைக் கோடி மக்களில் வாக்காளர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரே. இதைத் தளர்த்த அமைச்சர் கீஸோ மறுத்துவந்தார்.

விருந்தைத் தேர்ந்தெடுக்க வைத்தது சட்டம்தான். இருபது பேருக்கு மேல் கொண்ட சங்கத்துக்கு அரசின் அனுமதி தேவை; அரசியல் கூட்டம் கூட்டினால் காவலர் வருவார்கள். கட்டணம் செலுத்தி உணவருந்துவதோ தனியார் விவகாரம். உத்தி புதிதல்ல, 1840இலேயே சீர்திருத்த விருந்துகள் நடந்திருந்தன.

முதல் விருந்து 1847 ஜூலை 9 அன்று பாரிஸின் ஷத்தோ ரூஜ் தோட்டத்தில் நடந்தது. சுமார் 1,200 பேர் வந்தனர். ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் எழுபது விருந்துகள் வரை நடந்துவிட்டன. சாப்பாடு ஒரு சாக்கு. கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்துரையே அரசியல். எனவே எதற்கு வாழ்த்துச் சொல்வது என்பதே பெரும் சச்சரவானது. நவம்பரில் லீல் நகரில், 1830 ஜூலைப் புரட்சி தந்த ஆட்சியமைப்பையும் வாழ்த்த வேண்டும் என்றார் மிதவாதி ஒதிலோன் பாரோ. தீவிரவாதிகள் இணங்கவில்லை. அவர் விலகிக்கொள்ள, மேடை குடியரசுவாதி லெத்ரு-ரொலான் வசமானது. கட்டணம் கொடுக்க இயலாத தொழிலாளர்களுக்கு இந்தப் பந்தியில் இடமில்லை. இயக்கத்தின் பெரிய ஓட்டை அதுதான். ரூவான் விருந்துக்குப் போன எழுத்தாளர் ஃப்ளொபேர், அங்கே கேட்ட பேச்சுகளைக் கடிதத்தில் எள்ளி நகையாடினார்.

டிசம்பர் 28 அன்று நாடாளுமன்ற உரையில் மன்னர் விருந்து நடத்தியோரைக் கடுமையாகச் சாடினார். பாரிஸின் பன்னிரண்டாம் வட்டாரத்தார் திட்டமிட்ட விருந்தும் தடைசெய்யப்பட்டது. அது 1848 பிப்ரவரி 22க்குத் தள்ளிப்போனது. மீண்டும் தடை வந்ததும் எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் முந்தைய நாளே பின்வாங்கினர். ஆனால் தலைவர்கள் வீட்டிலிருக்க, மாணவர்களும் தொழிலாளர்களும் மதலேன் சதுக்கத்தில் திரண்டனர். மறுநாள் கீஸோ பதவியிழந்தார். அன்றிரவு கபுசீன் பெருந்தெருவில் படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். பிணங்களை வண்டியிலேற்றி மக்கள் நகரைச் சுற்றிவர, தெருவெங்கும் தடுப்பரண்கள் எழுந்தன. 24 அன்று மன்னர் முடிதுறந்தார், குடியரசு அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்து, வாக்காளர் தொகை தொண்ணூறு லட்சத்தைத் தொட்டது. பாரோ கேட்டது இதில் சிறு பங்குகூட இல்லை.

1904 நவம்பரில் ரஷ்யத் தாராளவாதிகள், நீதித்துறைச் சீர்திருத்தத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவைக் காரணம் காட்டி, ஜார் ஆட்சிக்கு எதிராக இதே முறையைக் கையாண்டனர்.