ஆலை வாசலோடு நின்ற சட்டம்

1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு தேசத்தின் நலன், செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றார். முதலாளியைச் சும்மா விடவுமில்லை. 1929இல் அது சட்டமானது. 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. சந்தா கட்டிய பெண்ணுக்குப் பேறுகாலப் பணமும் வைத்தியமும் உண்டு. சந்தா பிடிக்க ஆலை வேண்டுமே, சம்பளப் பட்டியலில் பேர் வேண்டுமே! சேற்றில் நாற்று நட்ட நம் பெண்கள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்? "வலி எடுத்தப்பதான் கரையேறுனேன். அரை நாள் கூலிதான் குடுத்தாங்க" என்பாள் என் பாட்டி. 1987இல் தமிழக அரசு ஏழைத் தாய்மாருக்கு 300 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2006இல் 6,000, 2018இல் 18,000 ஆனது. அதுவும் இரண்டு பிரசவத்துக்குத்தான். பாட்டி பெத்தது ஏழு.