பேட்டரி மேல் விழும் பழி

மினி டிராக்டரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் பல வண்டிகளில் ஒரே காட்சிதான். டெர்மினலில் உப்பு பூத்திருக்கும். பேட்டரி உட்காரும் தட்டில் பெயிண்ட் உரிந்து தகடு துருவேறியிருக்கும். மூடியைச் சுற்றி ஈரம் கசிந்திருக்கும். பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். சில மாதங்களில் அதுவும் கசியும். பேட்டரி டிராக்டருக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்றே தோன்றுகிறது. ஆடாமல் அசையாமல் ஓர் அறையில் இருப்பதற்காகப் பிறந்த பொருளை, குலுக்கலே வாழ்க்கையாகக் கொண்ட இயந்திரத்தில் ஏற்றினார்கள். கசிவு அந்த ஏற்பாட்டின் விளைவு. ஆகவே அதற்கான காரணத்தைப் பேட்டரிக்கு உள்ளே மட்டுமல்ல, அதைச் சுற்றிலும் தேட வேண்டும்.

பிரான்சில் காஸ்டன் பிளாந்தே 1859-ல் உருவாக்கிய ஈய பேட்டரி, கந்தக அமிலத்தில் மூழ்கிய இரண்டு ஈயத் தகடுகள்தான். 1881-ல் கமீல் ஃபோர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி, அதிக மின்சாரம் தேக்க வழி செய்தார். இவை தந்தி நிலையங்களுக்கும் மின்விளக்கு நிலையங்களுக்கும் போயின. அங்கே கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நின்றன. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிடும். அவை வெளியேற வழி வேண்டும். நிலையாக நிற்கும் ஜாடிக்கு அது ஒரு சிக்கலே இல்லை. 1912-ல் சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்த பிறகு பெட்ரோல் கார்களில் பேட்டரி பரவலாக இடம்பிடித்தது. டிராக்டர் அப்போதும் அதை ஏற்கவில்லை. 1917-ல் வந்த ஃபோர்ட்சன், பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் ஓடியது. ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். 1921-ல் வந்த ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக்கில் எஞ்சின் தலையை ஊதுவிளக்கால் சூடேற்றினார்கள். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷலைத் தோட்டா வெடித்துக் கிளப்பலாம். கேட்டர்பில்லரின் முதல் டீசல் டிராக்டரில், பெரிய எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பேட்டரியை வண்டியில் ஏற்றாமலிருக்க இத்தனை ஏற்பாடுகள்!

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பலாமே என்று கேட்கலாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் என்றால் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலால் சுற்றிவிடலாம். காற்றைச் சுமார் 20 மடங்கு அழுத்தும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கைவலுவால் சுற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஹேண்டில் எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்த காலத்தையும் மறந்துவிட முடியாது. தனி ஆள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் ஓட வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் மினி டிராக்டர் வளர்ந்தது. 1969-ல் ஜப்பானின் குபோட்டா 21 குதிரைத்திறன் கொண்ட எல்200 டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. வண்டி சிறியது என்பதால் பேட்டரிக்கு மிஞ்சுவது எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய தட்டுதான். காரைப் போலப் பின் அச்சுக்கு ஸ்பிரிங்கும் கிடையாது. வரப்பில் ஏறும் ஒவ்வொரு அதிர்வும் நேராகப் பேட்டரிப் பெட்டிக்குப் போகிறது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே உற்பத்தியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். ஒன்றைத் தீர்த்தால் வேறொன்று முளைத்தது. கெட்டி ரப்பர் பெட்டியின் மேல் தாரை உருக்கி ஊற்றி மூடிய காலத்தில், வெயிலில் தார் இளகும், குளிரில் வெடிக்கும். பின்னர் வந்த பாலிபுரொப்பிலீன் பெட்டி அதைத் தீர்த்தது. ஈயச் சட்டத்துக்கு உறுதி தர ஆன்டிமனி கலந்தார்கள். அதுவே தண்ணீர் பிரிவதை வேகப்படுத்தி வாயுவைக் கூட்டியது. 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியத்தைக் கொண்டுவந்தது. அதுவும் தொலைபேசி நிலையத்தில் அசையாமல் நிற்கும் பேட்டரிகளுக்காகத்தான். 1970-களில் அது வாகனங்களுக்குப் பரவியபோது ‘தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்ற பேட்டரி பிறந்தது.

அதோடு கசிவும் தீர்ந்ததே என்பது அடுத்த ஆட்சேபம். பாதிதான் சரி. மூடிய பேட்டரியிலும் அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வோ, வாயு வெளியேறும் துளையோ இருக்கிறது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, 12 வோல்ட் பேட்டரிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து போனால் அது அந்த வழியாகவே தண்ணீரை இழக்கும். திறந்த பேட்டரியிலாவது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். இதில் அதற்கும் வழியில்லை. மூடி கசிவை மறைத்ததே தவிர, கசிய வைப்பதைத் தொடவில்லை.

ஆகவே ஈரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூடித் துளையைச் சுற்றி என்றால் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், அல்லது சார்ஜ் அதிகமாகிறது: எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்தால் 14.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். டெர்மினலின் அடியில் என்றால் ஈயக் கம்பம் பெட்டியோடு சேரும் இடம் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் கிளாம்பை அடித்து இறக்கியதால். அடியில் என்றால் பெட்டி விரிசல். பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையை அளவுக்கு மீறி முறுக்கியதோ, முறுக்காமல் குலுங்க விட்டதோ காரணம். கண்ணாடியும் கையுறையும் போட்டு, நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, மூடிகள் இறுக்கமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தட்டில் ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். நுரை நின்ற பிறகு கழுவி, காயவைத்து, பெயிண்ட் அடிக்கலாம்.

இத்தனை பார்ப்பதற்குப் புது பேட்டரியே மலிவு என்பாரும் உண்டு. பெட்டி விரிசலுக்கு அது சரி. ரெகுலேட்டர் கோளாறுக்கு அது சரியாகாது. புதியதும் அதே அமிலத்தைக் கக்கும். முதல் பேட்டரி கெட்ட காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவதை வாங்குகிறவர், மூன்றாவதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.