கணக்குக் கேட்ட கண்டம் – 5: மூன்றாண்டு ஆயுள்

சக பொருளியலாளர்களிடம் படிக்கக் கொடுத்த வரைவை ரவூல் பிரெபிஷ் திரும்ப வாங்கிக்கொண்டார் என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். 1949 மே மாதக் கடைசியில் ஹவானாவில் மாநாடு. லத்தீன் அமெரிக்க அரசுகளின் பிரதிநிதிகள் வருகிறார்கள். அவர்கள் முன் வைக்கவேண்டிய அறிக்கை எழுதியவருக்கே பிடிக்கவில்லை. கையில் மிச்சமிருந்தவை சில வாரங்கள்தான்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால், இந்த மனிதரைப் பற்றி நாலு வரி. அர்ஜென்டினாவின் துக்குமான் நகரில் 1901-ல் பிறந்தவர். அந்நாட்டின் மத்திய வங்கியை வடிவமைத்தவர். 1935-ல் அது திறந்தபோது முதல் பொது மேலாளரும் அவரே. 1943-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களில் அவரை வெளியே அனுப்பியது. பிறகு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அதிபர் பெரோனின் ஆட்சியில் 1948 கடைசியில் அந்த இடமும் போனது. சர்வதேச நாணய நிதியத்தில் பேசப்பட்டிருந்த பதவியும் கடைசி நேரத்தில் கைநழுவியது. ஆக, சிலியின் தலைநகர் சந்தியாகோவுக்கு அவர் வந்து சேர்ந்தது வேறு போக்கிடம் இல்லாமல்தான், அதுவும் தற்காலிக ஆலோசகராக.

வந்த இடமும் தற்காலிகம்தான். ஐக்கிய நாடுகள் சபையின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையம் என்பது அப்போது அதன் முழுப் பெயர். ஸ்பானியச் சுருக்கத்தில் செபால். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இப்படிப்பட்ட ஆணையங்கள் 1947-லேயே வந்துவிட்டன. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சிலியின் தூதர் எர்னான் சாந்தா க்ரூஸ் விடாமல் வாதாடியதில் 1948 பிப்ரவரி 25 அன்று இது பிறந்தது. வாஷிங்டனுக்கு இதில் தொடக்கம் முதலே உற்சாகமில்லை. அதனால் பிறக்கும்போதே ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: 1951-ல் மறுபரிசீலனை செய்வோம், தேவையில்லை என்று தோன்றினால் மூடிவிடுவோம்.

செபாலிடம் கடன் கொடுக்கப் பணம் கிடையாது. அணை கட்ட முடியாது. எந்த அரசுக்கும் உத்தரவிட முடியாது. புள்ளிவிவரங்களைத் திரட்டலாம், ஆராயலாம், அரசுகளின் முன் வைக்கலாம். உலகின் பொருளாதாரக் கொள்கையைப் பெரும்பாலும் லண்டனிலும் வாஷிங்டனிலும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவ்வளவு எளிய வேலையைக் கண்டு யார் பயப்படப்போகிறார்கள்?

பயந்தார்கள். ஓர் அட்டவணை அதற்குப் போதுமானதாக இருந்தது.

அதைத் தயாரித்தவர் நியூயார்க்கில், ஐ.நா. தலைமையகத்தில் இருந்த ஹான்ஸ் சிங்கர். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி கேம்பிரிட்ஜ் போய் கெய்ன்ஸிடம் படித்தவர். பிரிட்டிஷ் வர்த்தகப் பதிவேடுகளிலிருந்து எழுபது ஆண்டு விலைகளை எடுத்து வரிசைப்படுத்தினார். கோதுமை, சர்க்கரை, பருத்தி, தாதுக்கள் போன்ற மூலப்பொருள்கள் ஒரு பக்கம். தொழிற்சாலைப் பொருள்கள் மறுபக்கம். 1876–80-ல் இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 1936–38-ல் அது 64.1. அதாவது, தாத்தா காலத்தில் நூறு மூட்டை விற்று வாங்கிய இயந்திரத்துக்குப் பேரன் ஏறக்குறைய 156 மூட்டை கொடுக்கவேண்டும்.

பாடப்புத்தகம் சொன்னது இதற்கு நேர் எதிர். தொழில்நுட்பம் வயலைவிட ஆலையில்தான் வேகமாக வளர்கிறது. எனவே ஆலைப் பொருள்தான் மலிவாகவேண்டும். அந்த மலிவின் பலன் கோதுமை விளைவிப்பவனுக்கும் தானாக வந்து சேரும். அவன் எதற்காகச் சொந்தமாக ஆலை கட்டவேண்டும்? பிரெபிஷும் ஒரு காலத்தில் இந்தப் பாடத்தை நம்பியவர்தான். அப்படியானால் ஆலைகளில் மிச்சமான செலவெல்லாம் எங்கே போனது?

ஹவானாவுக்காக எழுதிய புதிய வரைவில் இந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில்தான் அடுத்த முப்பது ஆண்டுச் சண்டைகளுக்கெல்லாம் விதை. உலகம் மையம் என்றும் விளிம்பு என்றும் பிரிந்து கிடக்கிறது என்றார். மையத்தில் உற்பத்தித் திறன் உயரும்போது தொழிற்சங்கங்கள் கூலியை உயர்த்திக் கேட்கின்றன. முதலாளிகள் லாபத்தை விடுவதில்லை. மிச்சம் அங்கேயே தங்கிவிடுகிறது; விலை இறங்குவதில்லை. விளிம்பில் வேலைக்குக் காத்திருப்போர் ஏராளம். கூலி கேட்க வலுவில்லை. அங்கே உற்பத்தித் திறன் உயர்ந்தால் விலை இறங்கி, பலன் வெளிநாட்டில் வாங்குபவனுக்குப் போகிறது. நல்ல காலத்தில் மூலப்பொருள் விலை வேகமாக ஏறுவது உண்மைதான். மந்தம் வரும்போது அதைவிட வேகமாக விழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு கொஞ்சம் இழக்கிறது.

பிரெபிஷ் எழுதியது அர்ஜென்டினக் கோதுமையையும் சிலியின் தாமிரத்தையும் மனதில் வைத்து. ஆனால் நம்மவர்கள் இதைப் படிக்கும்போது கண்முன் வருவது மலையகம்தான். அதே ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, ரப்பர், தேங்காய் என்ற மூன்றிலிருந்தே வந்தது. தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் குடியுரிமையை 1948-ன் சட்டம் பறித்தது. வாக்கில்லாதவர்கள் கூலி உயர்வு கேட்டால் எந்த அரசு காது கொடுக்கும்? அவர்களுடைய உழைப்பின் மிச்சம் லண்டன் தேநீர்க் கோப்பையில் போய்ச் சேர்ந்ததை விளக்க, சந்தியாகோவில் எழுதிய இந்தப் பக்கங்களைவிடப் பொருத்தமான எழுத்து எனக்குத் தெரிந்து இல்லை.

ஹவானாவில் பிரெபிஷ் பேசினார். சர்க்கரையைப் பெரிதும் நம்பி வாழ்ந்த ஒரு தீவில், மூலப்பொருள் விற்பவன் தொடர்ந்து நஷ்டப்படுகிறான் என்று சொன்னால் யாருக்குப் புரியாது? பிரதிநிதிகள் அவரைக் கொண்டாடினார்கள். நியூயார்க் தலைமையகமோ கையைப் பிசைந்தது. வழக்கமாக ஐ.நா. அறிக்கைகளில் எழுதியவர் பெயர் இருக்காது. இதில் மட்டும் பிரெபிஷின் பெயர் வந்தது. இது அவருடைய சொந்தக் கருத்து, எங்களைக் கேட்காதீர்கள் என்று தள்ளி நிற்கவே அந்த ஏற்பாடு. பலன் தலைகீழாகிவிட்டது. பெயரில்லாத ஆயிரம் அறிக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு அறிக்கைக்கு மட்டும் முகம் கிடைத்தது. சந்தியாகோவில் இருந்த இளம் பிரேசிலியர் செல்சோ ஃபுர்ட்டாடோ அதைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்தார். அந்த ஆண்டே பிரேசில் இதழ் ஒன்றில் வெளிவந்தது.

எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. 1950-ல் புகழ்பெற்ற பொருளியலாளர் ஜேக்கப் வைனர் ரியோ டி ஜெனிரோவுக்கே வந்து, தொடர் சொற்பொழிவுகளில் இந்த வாதத்தைப் பிரித்துப் போட்டார். குறை சொன்னவர்கள் காட்டிய ஓட்டைகள் சில உண்மையானவை. கணக்கு பிரிட்டனின் விலைகளை மட்டும் வைத்துப் போட்டது. இறக்குமதி விலையில் கப்பல் கூலி சேர்ந்திருக்கிறது, ஏற்றுமதி விலையில் இல்லை; நீராவிக் கப்பல்களால் கூலி குறைந்ததும் மூலப்பொருள் மலிந்ததுபோல் தெரிந்திருக்கலாம். 1876-ன் இயந்திரமும் 1938-ன் இயந்திரமும் ஒன்றல்ல. எல்லாம் சரி. ஆனால் 1988-ல் உலக வங்கியின் ஆய்விதழில் க்ரில்லி, யாங் என்ற இருவர் இருபதாம் நூற்றாண்டு விலைகளைப் புதிதாகக் கணக்கிட்டபோதும், தொழிற்சாலைப் பொருள்களோடு ஒப்பிடுகையில் மூலப்பொருள் விலை ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் சரிந்து வந்தது தெரிந்தது. வேகத்தில் பிரெபிஷ் மிகைப்படுத்தியிருக்கலாம். திசையில் அவர் தவறவில்லை என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏற்றுமதியை விட்டுவிட்டுக் கதவை மூடிக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதவில்லை. ஆலை கட்ட இயந்திரம் வேண்டும், இயந்திரம் வாங்க டாலர் வேண்டும், டாலருக்கு ஏற்றுமதி வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பின்னாளில் சில அரசுகள் சுங்கவரிச் சுவரை வானம்வரை எழுப்பிவிட்டு பழியை அவர்மேல் போட்டன.

1950 ஜூன் மாதம் மாண்டிவிடியோவில் நடந்த கூட்டத்தோடு பிரெபிஷ் செபாலின் நிர்வாகச் செயலாளர் ஆனார். முதலில் இந்தப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் அவர். இப்போது ஏற்றுக்கொண்டார், ஆணையத்துக்கு ஓராண்டு ஆயுள் மட்டும் மிச்சமிருந்த நிலையில்.

1951 மே 28. மெக்சிகோ நகரில் கூட்டம் தொடங்கியது. அமெரிக்கத் தரப்பின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வாஷிங்டனில் அமெரிக்க நாடுகள் அமைப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு பொருளாதார சமூகக் குழுவும் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் எதற்கு? இரண்டையும் இணைத்துவிடலாம். செலவு மிச்சம். மூடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வாஷிங்டனின் நிழலில் இருக்கும் குழுவோடு சேர்த்துவிட்டால் விலை விகிதங்களை எண்ணிக்கொண்டிருக்க அங்கே ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஓர் ஆய்வு மையத்தின் கணக்கைப் பொய்யாக்க முடியாதபோது அதன் முகவரியை மாற்றுவது பழைய வித்தை.

சிலி செபாலின் பக்கம் உறுதியாக நின்றது. பல சிறிய நாடுகள் தயங்கின. வாஷிங்டனிடம் கடன் கேட்டுக் காத்திருப்பவர்கள் வாஷிங்டனுக்கு எதிராக எப்படிக் கை தூக்குவார்கள்? சொந்த நாடான அர்ஜென்டினாவில் பெரோன் இருந்ததால், அங்கிருந்தும் பிரெபிஷ் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

தராசை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய நாடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: பிரேசில். அங்கே நான்கு மாதங்களுக்கு முன்புதான் கெட்டூலியோ வர்காஸ் தேர்தலில் வென்று மீண்டும் அதிபராகியிருந்தார். இரும்பாலை கட்டிய தலைவர்; அதற்குப் பணம் கொடுத்தது வாஷிங்டன். இனியும் அவருக்கு வாஷிங்டனின் பணம் தேவை. பேரம் சூடுபிடித்திருந்த நேரத்தில் அதிபரின் பெயரில் மெக்சிகோவுக்கு ஒரு தந்தி வந்தது.

வர்காஸ் எந்தப் பக்கம் நின்றார்? அடுத்த வாரம்.

(தொடரும்)